சிட்டிகைக்குள் அடங்கும் சத்து

மருத்துவமனைக்கு வரும் நோயாளர்களுள் பலர் தங்கள் பையில் இரு வகை மருந்துகளைக் கொண்டுவருகின்றனர். முதல் வகை மருத்துவர் எழுதித் தந்தது. இரண்டாம் வகை, உறவினர் சொன்னதாலும், தொலைக்காட்சியில் கண்டதாலும், கைப்பேசியில் வந்த செய்தியாலும் தாமே வாங்கியது. அண்மைக் காலமாக இந்த இரண்டாம் வகையில் மிகுதியாகக் காணப்படுவன நுண்தாது மாத்திரைகளும் சத்துப் பொடிகளுமே ஆகும். ‘எலும்பு வலுப்பெறும்’, ‘ஹார்மோன் சமநிலை பெறும்’ என்னும் இரு வாக்குறுதிகள் அட்டைப்பெட்டியின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பின்புறத்தில் துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, செலினியம், போரான் என்று நீண்டதொரு பட்டியல் இருக்கும்.

இக்கட்டுரையின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்புக்கும் ஹார்மோன்களுக்கும் நுண்தாதுக்கள் இன்றியமையாதவை, இதில் ஐயமில்லை. ஆனால் அவை குறைபாடு உள்ளவருக்கே மருந்து. மற்றவர்க்கு அவை உணவின் ஒரு பகுதி. குறைபாடு உண்டா என்று அறியாமலே அவற்றை மாதக்கணக்கில் விழுங்குவது வீண் செலவோடு முடியாமல் தீங்காகவும் மாறக்கூடும். அதைவிட வருந்தத்தக்கது, உண்மையாகவே நமக்குத் தேவைப்படும் நுண்தாதுவை அடுக்களையிலிருந்து வெளியேற்றிவிட்டு, தேவையற்றவற்றைக் கடையில் விலைக்கு வாங்கும் போக்காகும்.

எவ்வளவு சிறிது, எவ்வளவு பெரிது

நாளொன்றுக்கு மிகச் சிறிய அளவில் மட்டுமே உடலுக்கு வேண்டிய தாதுக்களை நுண்தாதுக்கள் என்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி, துத்தநாகம் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராமும் பெண்களுக்கு 13.2 மில்லிகிராமும் போதும். அயோடினின் தேவை இன்னும் சிறிது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோகிராமும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எழுபது ஆண்டுகள் வாழும் ஒருவரின் வாழ்நாள் முழுவதற்குமான அயோடினைச் சேர்த்துக் கூட்டினாலும் நான்கு கிராமைத் தாண்டாது; ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும்.

அளவு சிறிதெனினும் பணி பெரிது. எலும்பு கல்லைப் போல் உறைந்து கிடக்கும் பொருளன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுவதும் அதில் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. வீடு கட்டும்போது கம்பி கட்டி அதன்மேல் காரை இடுவதுபோல, கொலாஜன் என்னும் புரதம் சட்டமாக அமைய, கால்சியமும் பாஸ்பரசும் அதன்மேல் படிகின்றன. அந்தப் புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்கும் நொதிக்குச் செம்பு வேண்டும். தாது படிவதற்குத் துணைநிற்கும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். குருத்தெலும்பின் கட்டமைப்புக்கு மாங்கனீசு உதவுகிறது.

ஹார்மோன்களின் பக்கமும் இவ்வாறே. தைராய்டு ஹார்மோனின் கட்டமைப்பிலேயே அயோடின் இடம்பெறுகிறது. சுரப்பியிலிருந்து வெளிவரும் தைராக்சினை முழு வீச்சில் செயற்படும் வடிவமாக மாற்றும் நொதிகள் செலினியத்தைக் கொண்டவை. அளவால் நுண்தாது என்னும் வரையறைக்குள் வராவிடினும் மெக்னீசியத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இரத்தத்தில் மெக்னீசியம் மிகவும் குறைந்துவிட்டால், கால்சியத்தின் அளவைக் காக்கும் பாராதைராய்டு ஹார்மோன் சரிவரச் சுரப்பதில்லை. அந்நிலையில் கால்சியத்தை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் அளவு ஏறாது. மெக்னீசியத்தைச் சரிசெய்த பிறகே ஏறும்.

ஆகவே ‘தாதுக்கள் தேவையா’ என்ற வினாவுக்கு இடமே இல்லை. யாருக்கு, எவ்வளவு, எந்த வடிவில் என்பனவே உண்மையான வினாக்கள்.

குறைபாடு மெய்யானது

நுண்தாதுக் குறைபாடு என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. பீகாரில் பிறந்து அமெரிக்காவில் பயின்ற மருத்துவர் ஆனந்த பிரசாத், 1950களின் இறுதியில் ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரில் பணியாற்றினார். அங்கே அவரிடம் வந்த ஓர் இளைஞருக்கு வயது 21. தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. வளர்ச்சி குன்றியிருந்தது, பருவமடைதலின் அடையாளங்கள் தோன்றவேயில்லை. அதே நிலையில் வேறு பலரும் இருந்தனர். புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டியே அவர்களின் முதன்மை உணவு; இறைச்சி அரிது; மண் தின்னும் பழக்கமும் இருந்தது. துத்தநாகக் குறைபாடே இதற்குக் காரணமாகலாம் என்று அவர் கருதினார். பின்னர் எகிப்தில் அவரும் உடனிருந்தோரும் மேற்கொண்ட ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. துத்தநாகம் கொடுக்கப்பட்ட இளைஞர்கள் உயர்ந்தனர், பருவமடைந்தனர். எலும்பின் வளர்ச்சியும் பாலியல் ஹார்மோன்களின் இயக்கமும் ஒரே தாதுவின் குறையால் ஒருசேரத் தடைப்படக்கூடும் என்பதை உலகம் அன்று அறிந்தது.

இந்த வரலாற்றில் நம் அடுக்களைக்கும் ஒரு பாடம் உண்டு. தானியங்களின் தவிட்டிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டு, குடல் உறிஞ்சாமல் தடுக்கிறது. ஈரானிய இளைஞர்கள் உண்ட ரொட்டியில் துத்தநாகம் இருந்தது, உடலுக்குத்தான் கிட்டவில்லை. மாவைப் புளிக்கவைத்தாலும் பயறுகளை ஊறவைத்து முளைகட்டினாலும் ஃபைட்டேட் குறைகிறது. இரவில் அரைத்துப் புளிக்கவைத்த இட்லி மாவும், முளைகட்டிய பாசிப்பயறும், புளித்த கேழ்வரகுக் கூழும் இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருகின்றன. எந்தப் புட்டியின் முகப்பிலும் இது அச்சிடப்படுவதில்லை.

கெட்டியான எலும்பு வலிய எலும்பா?

குறைவு தீங்கு என்றால் மிகுதி நன்மை என்று எண்ணுவது மனித இயல்பு. எலும்பின் வரலாற்றில் இந்த எண்ணம் பொய்த்துப்போனதற்குப் புளோரைடைவிடச் சிறந்த சான்று இல்லை.

1937ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகெலும்பு விறைத்து, மூட்டுகள் மடங்காமல் முடங்கிய மக்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதினர். கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடே காரணம். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இந்தத் துன்பத்தை நெடுங்காலம் சுமந்தன. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயற்பாட்டுக்கு வந்ததன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று, இந்தப் புளோரைடுப் பாதிப்பைத் தணிப்பதாகும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் அருந்தியோரின் எலும்பு, எக்ஸ்ரே படத்தில் வழக்கத்தைவிடக் கெட்டியாகவே தெரியும். ஆயினும் அவர்கள் குனிய முடியாமல் துன்புற்றனர்.

இதே புளோரைடு பிற்காலத்தில் எலும்புப்புரை நோய்க்கு மருந்தாகவும் முயன்றுபார்க்கப்பட்டது. எலும்பின் அடர்த்தியை அது உயர்த்துவது உண்மைதானே என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். 1990இல் வெளிவந்த மேயோ கிளினிக் ஆய்வில், எலும்புப்புரை உடைய, மாதவிடாய் நின்ற 202 பெண்கள் நான்கு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். சோடியம் புளோரைடு பெற்றவர்களுக்குக் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. படத்தைப் பார்த்தவர் எவரும் மகிழ்ந்திருப்பர். ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. முதுகெலும்பு அல்லாத பிற எலும்புகளின் முறிவுகளோ புளோரைடு பெறாத குழுவைவிட மூன்று மடங்கு ஆயின. அடர்த்தி ஏறியது, உறுதி ஏறவில்லை.

ஸ்ட்ரான்சியம் என்னும் தாதுவின் கதையும் இதற்கு நெருங்கியதே. அதன் உப்பு ஒன்று எலும்புப்புரைக்கு மருந்தாகப் பயன்பட்டது; முறிவுகளைக் குறைக்கவும் செய்தது. எனினும் மாரடைப்பு அபாயம் தெரியவந்ததும், 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கால்சியத்தைவிடக் கனமான அணுவைக் கொண்ட ஸ்ட்ரான்சியம் எலும்பில் படிந்தால், அடர்த்திப் பரிசோதனை எலும்பின் நிலையை உள்ளதைவிட மிகைப்படுத்திக் காட்டும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ‘எங்கள் மாத்திரையைச் சாப்பிட்டால் ஸ்கேனில் எண் உயரும்’ என்று எவரேனும் சொன்னால், ‘முறிவு குறையுமா?’ என்று கேளுங்கள். நோயாளிக்கு வேண்டியது அந்த விடைதான்.

‘ஹார்மோன் சமநிலை’ என்னும் சொல்

புட்டிகளின் முகப்பில் உள்ள சொற்களுள் மிகவும் தெளிவற்றது ‘ஹார்மோன் சமநிலை’ என்பதே. எந்த ஹார்மோன்? தைராய்டா, ஈஸ்ட்ரோஜெனா, பாராதைராய்டா, இன்சுலினா, கார்டிசாலா? மிகுந்துள்ளதா, குறைந்துள்ளதா? இவ்வினாக்களுக்கு விடை தெரியாமல் எந்த மருத்துவரும் மருந்து எழுதமாட்டார். தைராய்டு குறைந்தவருக்கும் தைராய்டு மிகுந்தவருக்கும் ஒரே மாத்திரை ‘சமநிலை’ அளிக்கும் என்பதை எங்ஙனம் நம்புவது?

இவ்வகை வாக்குறுதிகளுக்கு அடிக்கடி ஆதாரமாகக் காட்டப்படுவது போரான். 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்ற 12 பெண்களுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் போரான் கொடுத்துப் பார்த்தனர். சிறுநீரில் கால்சியம் வெளியேறுவது குறைந்தது; இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜென், டெஸ்டோஸ்டிரோன் அளவுகள் உயர்ந்தன. ஆர்வத்தைத் தூண்டும் முடிவுதான். ஆனால் அது பன்னிரண்டு பேரிடம் கண்டது. பின்வந்த ஆய்வுகள் ஒரே குரலில் அதை உறுதிசெய்யவில்லை. போரானால் எலும்பு முறிவு குறைந்தது என்று காட்டிய பெரிய ஆய்வு எதுவும் அதற்குத் துணையாக இல்லை. பழங்களிலும் பருப்பு வகைகளிலும் நிலக்கடலையிலும் போரான் இயல்பாகவே உள்ளது. மேலும், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர், ஈஸ்ட்ரோஜெனை உயர்த்துவதாகச் சொல்லிக்கொள்ளும் எந்தப் பொருளையும் தம் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளுதல் தகாது.

எலும்பைப் பாதிக்கும் ஹார்மோன் காரணங்கள் பெயர் சொல்லி அறியத்தக்கவை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் குறைவதால் முதற்சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து கரைகிறது. தைராய்டு மிகுதியாகச் சுரந்தாலும், தைராக்சின் மாத்திரை தேவைக்கு மேல் சென்றாலும் எலும்பு மெலிகிறது. ஸ்டீராய்டு மருந்துகளை நீண்டநாள் உட்கொள்ளுதல், பாராதைராய்டு மிகைச்சுரப்பு, வைட்டமின் டி குறைபாடு ஆகியனவும் அவ்வாறே. இவை ஒவ்வொன்றையும் பரிசோதனையால் கண்டறிந்து, அதற்குரிய முறையில் கவனிக்க முடியும். ‘சமநிலை’ என்ற மூடுசொல் இவை அனைத்தையும் மறைத்துவிடுகிறது.

வெளியேறும் அயோடின்

தேவையற்ற தாதுக்களைத் தேடி வாங்கும் இதே காலத்தில், தேவையான ஒன்று பல வீடுகளை விட்டு வெளியேறுகிறது. ‘எண்பதுக்கும் மேற்பட்ட தாதுக்கள் கொண்டது’ என்ற விளம்பரத்தோடு இந்துப்பு வருகிறது; அயோடின் கலந்த உப்பு அகற்றப்படுகிறது. இந்துப்பின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள். அதிலும் பெரும்பகுதி சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடே. ஏனைய தாதுக்கள், நாம் உப்பு உண்ணும் அளவில், ஊட்டத்துக்குப் பொருட்படுத்தத்தக்கவை அல்ல. அயோடினோ, தனியாகச் சேர்த்தாலன்றி, அதில் போதிய அளவில் இராது. இரத்த அழுத்தம் உள்ளோர், ‘இது இயற்கை உப்பு’ என்று எண்ணிக் கூடுதலாகச் சேர்ப்பதும் பிழையே.

உப்பில் அயோடின் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டில் எளிதாக வந்ததன்று. 1956இல் பேராசிரியர் இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கினர். அயோடின் கிடைத்த பகுதிகளின் பள்ளிச் சிறார்களிடம் முன்கழுத்துக் கழலை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. சாதாரண உப்பு பெற்ற பகுதியில் அத்தகைய வீழ்ச்சி இல்லை. 1962இல் தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. 2006 முதல் நாடெங்கும் நேரடி உணவுப் பயன்பாட்டுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது.

இருப்பினும், 2018-19இல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இந்திய அளவில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு. மாநிலங்களுள் மிகக் குறைந்த அளவு நம்முடையதே. தூத்துக்குடியின் உப்பளங்களைக் கொண்ட, உப்பு விளைவிப்பதில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தின் நிலை இது. கல்லுப்பை விரும்பி வாங்கும் நம் பழக்கம் இதற்கு ஒரு முக்கியமான காரணம். கல்லுப்புதான் வேண்டுமெனில், அயோடின் சேர்த்தது என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கலாம். அதை மூடிய கலத்தில், ஈரமும் அடுப்பின் வெப்பமும் படாத இடத்தில் வைக்கவேண்டும்.

இங்கே இழப்பைச் சந்திப்பது வாங்குபவர் மட்டுமல்லர். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அதற்கு அயோடின் வேண்டும். வீட்டின் மூத்தவர் ‘இயற்கை’ என்று எண்ணி மாற்றும் உப்பு, அதே வீட்டில் கருவுற்றிருக்கும் மருமகளின் தட்டிலும்தான் விழுகிறது. ‘எனக்குத் தைராய்டு இருக்கிறது, அயோடின் உப்பு ஆகாது’ என்று தாமாகவே முடிவு செய்வோரும் உளர். தைராய்டு குறைவுக்கு மாத்திரை உட்கொள்வோர், மருத்துவர் குறிப்பாகச் சொன்னாலன்றி, வழக்கமான அயோடின் உப்பைத் தவிர்க்கத் தேவையில்லை. அதே வேளையில் அயோடின் செறிந்த கடற்பாசி மாத்திரைகளைத் தாமாக விழுங்குவதும் தவறு. மிகுதியான அயோடினும் தைராய்டைக் குலைக்கும்.

தீங்கு எங்கே தொடங்குகிறது

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நுண்தாதுக்களுக்கு அப்படியே பொருந்தும். துத்தநாகத்தின் மேல்வரம்பு வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். 50 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் உட்கொண்டால், குடலில் செம்பு உறிஞ்சப்படுவது தடைப்படுகிறது. செம்பு குறைந்தால் இரத்தசோகை வரும்; நரம்பு தளர்ந்து கால் மரத்து நடை தள்ளாடும். எலும்புக்கென்று வாங்கிய மாத்திரை ஒருவரைக் கீழே விழச்செய்யும் நிலை இது. 2008இல் அமெரிக்காவில், ஒரு திரவச் சத்து மருந்தில் தயாரிப்புப் பிழையால் செலினியம் குறிப்பிட்ட அளவைப்போல் இருநூறு மடங்கு கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டனர். முடி கொட்டுதலும் நகங்கள் சிதைதலும் அவர்களிடம் காணப்பட்ட அறிகுறிகள்.

எழுதித் தந்த மருந்தின் வேலையை இந்த மாத்திரைகள் கெடுப்பதும் உண்டு. தைராக்சினுடன் கால்சியமோ இரும்போ சேர்ந்தால் தைராக்சின் சரிவர உறிஞ்சப்படாது. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். எலும்புப்புரைக்கு வெறும் வயிற்றில் உட்கொள்ளும் அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளும், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இவ்வாறே தாதுக்களோடு பிணைந்து பயனற்றுப்போகின்றன. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் உள்ள பயோட்டின், அளவு மிகுந்தால், தைராய்டு இரத்தப் பரிசோதனையின் முடிவையே பொய்யாக்கக்கூடும். பரிசோதனைக்கு முன்பே அதை உட்கொள்வதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கோ, பிறர்க்குத் தீங்கற்ற அளவு மெக்னீசியமும் உடலில் தேங்கி ஆபத்தாகலாம்.

எதிர்வாதமும் விடையும்

‘மண்ணிலேயே சத்து இல்லையே, உணவை மட்டும் நம்பினால் போதுமா?’ என்று கேட்போர் உண்டு. இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. தமிழ்நாட்டு நிலங்களில் பரவலாகத் துத்தநாகம் குறைந்திருப்பது வேளாண் துறையினர் அறிந்ததே. நெல்வயலுக்குத் துத்தநாக சல்பேட் இடுவது அதனால்தான். மூன்று வேளையும் தீட்டிய வெள்ளரிசியையே உண்டு, பருப்பும் கீரையும் முட்டையும் அரிதாகவே தொடும் ஒருவருக்குக் குறைபாடு வரலாம். ஆனால் அதற்கு முதல் மருந்து தட்டை மாற்றுவது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எள், கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, முட்டை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றில் கால்சியமோ துத்தநாகமோ, சிலவற்றில் இரண்டுமோ, புரதத்தோடு சேர்ந்து கிடைக்கின்றன. எலும்பின் சட்டம் புரதம் என்பதை மறத்தலாகாது.

மாத்திரையே வேண்டிய நோயாளர்களும் நிச்சயமாக உளர். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு 10 முதல் 14 நாள் துத்தநாகம் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது உயிர்காக்கும் மருந்து. குடல் அறுவை அல்லது உடற்பருமன் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், நாட்பட்ட வயிற்றுப்போக்கு உடையவர், மதுவுக்கு அடிமையானவர், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர் ஆகியோரிடம் மெக்னீசியம் உள்ளிட்ட குறைபாடுகளைத் தேடிப் பார்க்கவேண்டும். இவர்களுக்குத் தரப்படும் மாத்திரைக்குக் காரணமும் அளவும் கால வரம்பும் உண்டு. கடையில் வாங்கும் புட்டிக்கு இம்மூன்றும் இல்லை. என் மறுப்பு அதற்குத்தான்.

மருத்துவத் துறையினரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ‘ஒரு சத்து மாத்திரையாவது எழுதுங்கள்’ என்று நோயாளர் கேட்பதும், மறுத்தால் மனம் நோகுமே என்று எழுதித் தருவதும் நம் ஊர்களில் இயல்பாகிவிட்டன. எழுதப்படும் ஒவ்வொரு மாத்திரையும் எதற்காக, எத்தனை நாளைக்கு என்று சொல்லப்பட வேண்டும். நோயாளர் வேறு என்ன உட்கொள்கிறார் என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்கப்பட வேண்டும். கடிந்துகொள்ளாமல் கேட்டால்தான் அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

செலவழிக்கத் தக்க இடம்

எலும்புப்புரை ஓசையின்றி வளரும் நோய். ‘எலும்புத் தேய்மானம்’ என்ற ஒரே சொல்லால் முழங்கால் மூட்டுத் தேய்வையும் இதையும் நாம் குறிப்பதால் குழப்பம் மிகுகிறது. மூட்டுத் தேய்வு வலிக்கும். எலும்புப்புரை முறியும்வரை வலிப்பதில்லை. வலி இல்லை என்பதால் எலும்பு வலிமையாக உள்ளது என்று பொருளன்று.

ஆகவே குடும்பத்தினர் கவனிக்கவேண்டிய அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்த சிறு விழுகையிலேயே எலும்பு முறிதல், உயரம் குறைதல், முதுகு கூன் விழுதல், நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிடாய் நிற்றல், பல மாதங்கள் ஸ்டீராய்டு உட்கொண்டிருத்தல், பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்திருத்தல் ஆகியன அவை. இவற்றுள் ஏதேனும் இருந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். தைராய்டு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றின் பரிசோதனைகளையும் அவரே முடிவு செய்வார். நோய் உறுதியானால், முறிவைக் குறைப்பதாக மெய்ப்பிக்கப்பட்ட மருந்துகள் இன்று உள்ளன. அவற்றை இடையில் நிறுத்திவிட்டு நுண்தாதுப் பொடிக்கு மாறுவதுதான் நான் மிகவும் அஞ்சுவது. அத்தகைய மருந்துகளுள் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால், பெற்ற பயன் விரைந்து கரைந்துவிடும்.

மாதந்தோறும் புட்டிக்குச் செலவாகும் பணத்துக்கு வீட்டிலேயே நல்ல வேலை இருக்கிறது. குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை விரிப்பு, படுக்கையருகே ஒரு விளக்கு, கண்ணாடிக்கு ஒரு புதிய பவர், வாரத்துக்குச் சில முட்டைகள். விழாத முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவது அரிது. நாள்தோறும் நடப்பதும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளும், புகையிலையை விடுவதும் எந்தத் தாது மாத்திரையும் செய்யாததை எலும்புக்குச் செய்கின்றன.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பொடிகளையும் லேகியங்களையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டி மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எனக்கு எதற்காக? எத்தனை நாளைக்கு? என் மற்ற மருந்துகளோடு சேருமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தவை தொடரட்டும். விடை கிடைக்காதவற்றை வாங்காமலிருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வீடு திரும்பும் வழியில் மளிகைக் கடையில் அயோடின் சேர்த்த உப்பு ஒரு பொட்டலம் வாங்கிச் செல்லுங்கள். உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய நுண்தாதுக்களுள் மிக மலிவானதும் மிகத் தேவையானதும் அதுவே.